கரிகாலனைக் கொன்றவர் யார்?

வாஷியிலும் அதனைச் சூழ்ந்த புதுநகரப் பகுதிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு கொலை வழக்கு இன்றும் நடந்து வருகின்றது. வழக்கறிஞர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். சாட்சி சொல்வோர் பாட்டனாரும் பாட்டியாரும். நீதிபதியின் ஆசனமோ இதுகாறும் வெறிதாகவே கிடக்கின்றது. கொலையுண்டவன் சோழப் பேரரசின் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன். அவன் மாண்டு ஆயிரத்தைம்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன. ஆயினும் அவனைக் கொன்றவர் யார் என்னும் வினா நேற்று எழுந்ததுபோல் புதுமை குன்றாதிருக்கின்றது. அவ்வினாவுக்குக் கூறப்படும் விடைகளுள் எவை கதையின்பாற்பட்டவை, எவை கல்லின்பாற்பட்டவை என்பதை இங்கே ஆராய்வோம்.

மும்பைத் தமிழர்க்கு இவ்வழக்குப் புதியதன்று. 1950-ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் 'கல்கி' இதழில் தொடங்கி, 1954-ஆம் ஆண்டுவரை வாரந்தோறும் வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' என்னும் பெருங்கதையே இதற்குத் தோற்றுவாய். மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் அக்காலத்தில் வாழ்ந்த நம் முன்னோர், சென்னையிலிருந்து இதழ் வந்து சேரும் நாளை எண்ணிக் காத்திருந்தனர். ஒரு பிரதி பல வீடுகளுக்குச் சென்று மீளும். ஓவியர் மணியம் அவர்களின் சித்திரங்களோடு கூடிய பக்கங்களைப் பிரித்தெடுத்து, தைத்து, பைண்டு செய்து, பெட்டியில் வைத்துக் காத்தவர் பலர். 1970-ல் நிறுவப்பட்ட சிட்கோ நிறுவனம் கடற்கழிக்கு அப்பால் ஒரு புதுநகரை வகுத்தது. 1992-ல் மான்குர்டிலிருந்து வாஷிவரை இருப்புப்பாதை வந்தது. பிள்ளைகள் செம்பூரை விட்டு வாஷியிலும் நெரூலிலும் குடிபுகுந்தனர். பைண்டு செய்த அத்தொகுதிகளும் அவர்களோடு பாலத்தைக் கடந்தன. ஆனால் அவற்றைப் படிக்கும் பழக்கம் எல்லா வீடுகளிலும் உடன் வந்து சேரவில்லை. மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் பள்ளியில் கற்கும் பேரப்பிள்ளைகள் பலர்க்குத் தமிழ் செவியளவில் நிற்கும் மொழியாகவே இருக்கின்றது. இந்நிலையில், 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் மணிரத்னம் அவர்களின் இரு திரைப்படங்கள் வெளிவந்தன. படியாத பேரன் பார்த்தான். படித்த பாட்டியும் உடனிருந்து பார்த்தாள். இருவர் கண்ட கொலையும் ஒன்றாயிருக்கவில்லை. ஆகவே வழக்கு மூண்டது.

இளைஞர்கள் இத்தகைய வழக்காடலுக்கு முன்னரே பயின்றவர்கள் என்பதை முதியோர் அறிதல் நன்று. அவர்கள் கையிலுள்ள வீடியோ விளையாட்டுகளைப் பொழுதுபோக்கும் பொம்மை என்று கருதிவிடலாகாது. அவற்றுட் பல, நூறு மணி நேரம் நீளும் கதைகள். 1997-ல் ஜப்பானிலிருந்து வந்த 'பைனல் பேன்டசி' வரிசையின் ஏழாவது விளையாட்டில், ஏரித் என்னும் நாயகி கதையின் இடைநடுவே வாளுக்கு இரையாகின்றாள். விளையாடியவர்களோ அவள் இறந்ததாக ஒப்ப மறுத்தனர். இன்ன பொருளை இன்ன இடத்தில் வைத்தால் அவள் உயிர்த்தெழுவாள், இன்னாரோடு பேசாதிருந்தால் அவள் சாகமாட்டாள் என்று நூறு வழிகளை ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொண்டனர். அவற்றுள் ஒன்றேனும் மெய்யன்று. அவ்விளையாட்டில் அவளை உயிர்ப்பிக்கும் வழி வைக்கப்படவே இல்லை. 2024-ல் அதே கதை புதுவடிவில் வந்தபோது, அவள் உண்மையில் இறந்தாளா என்ற வாதம் மீண்டும் கிளம்பிற்று. நாயகனோ நாயகியோ திடீரெனச் சாவுறும் இடத்தில் மனித மனம் அமைதி கொள்வதில்லை. விட்டுப்போன இடத்தைத் தானே நிரப்பிக்கொள்ள முற்படுகின்றது.

இது விளையாட்டுக் காலத்து நோய் என்று கருத வேண்டுவதில்லை. ஆங்கில நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1870-ல் காலமானபொழுது, எட்வின் ட்ரூட் என்னும் இளைஞன் மறைந்துபோன மர்மக் கதை பாதியளவே எழுதப்பட்டிருந்தது. எட்வின் கொலையுண்டானா, கொன்றவன் அவன் மாமன் ஜாஸ்பர்தானா என்பதை ஆசிரியர் தம்மோடு கொண்டு சென்றுவிட்டார். படித்தோர் சும்மா இருக்கவில்லை. 1914-ல் லண்டன் நகரில் ஜாஸ்பர் மீது ஒரு போலி விசாரணையே நடத்தினர். நீதிபதியாக அமர்ந்தவர் எழுத்தாளர் செஸ்டர்டன். ஜூரிகளின் தலைவர் பெர்னார்டு ஷா. இறுதியில் ஷா நகைச்சுவையாக ஒரு தீர்ப்புச் சொல்ல, செஸ்டர்டன் தம்மைத் தவிர அங்கிருந்த அனைவர்க்கும் நீதிமன்ற அவமதிப்புக்காக அபராதம் விதித்துக் கூட்டத்தைக் கலைத்தார். அப்படிக் கலைப்பதே தக்க தீர்ப்பு என்று நமக்கும் தோன்றுகின்றது.

ஏரித் பிறந்ததுமில்லை, இறந்ததுமில்லை. எட்வின் ட்ரூடும் அவ்வாறே. அவர்களைப் பற்றி எவரை எப்படிக் குற்றம் சாட்டினாலும் மானம் இழப்பார் ஒருவருமில்லை. ஆதித்த கரிகாலனோ தாயும் தந்தையும் உடன்பிறந்தாரும் உடைய ஓர் உண்மை மனிதன். அவனைக் கொன்றதாக இன்று வாஷி வீடுகளில் பெயர் சொல்லப்படுவோருள் சிலர் உண்மையில் வாழ்ந்தவர்கள். சிலர் கல்கி அவர்களின் எழுதுகோலில் பிறந்தவர்கள். இவ்விரு கூட்டத்தாரையும் ஒரே கூண்டில் நிறுத்தி விசாரிப்பதால், தஞ்சைப் பெரிய கோயிலை எடுப்பித்த மன்னனும் அவன் தமக்கையும்கூடச் சகோதரக் கொலைப் பழிக்கு ஆளாகின்றனர். கூடத்தில் பெரிய கோயிலின் படத்தை மாட்டி வைத்துக்கொண்டே, அதை எடுப்பித்தவனைக் கொலைகாரன் என்று பேசும் வீடுகளும் உண்டு. ஆதலின் சிறிது நின்று சான்றுகளைப் பிரித்துப் பார்ப்பது பயனுடைத்து.

முதலில் கொலையுண்டவனை அறிந்துகொள்வோம். சுந்தர சோழன் எனப்படும் இரண்டாம் பராந்தகனுக்கும் வானவன் மாதேவிக்கும் பிறந்த மூத்த மகன் ஆதித்தன். அவனுக்குப் பின் பிறந்தோர் குந்தவையும் அருள்மொழியும். அருள்மொழியே பிற்காலத்தில் முதலாம் இராசராசன் ஆனான். பாண்டியன் வீரபாண்டியனோடு சேவூரில் நிகழ்ந்த போரில், இளம்பருவத்தினனாகிய ஆதித்தன் யானையோடு விளையாடும் சிங்கக்குட்டியைப் போலப் பொருதான் என்று ஆனைமங்கலச் செப்பேடுகள் புகழ்கின்றன. இச்செப்பேடுகள் இன்று ஹாலந்து நாட்டின் லெய்டன் நகரத்திற்குரிய பெயரால் வழங்கப்படுகின்றன. வீரபாண்டியனின் தலையைக் கொய்து தன் நகரில் கம்பம் ஒன்றின் மேல் வைத்தான் என்பது திருவாலங்காட்டுச் செப்பேடுகள் தரும் செய்தி. 'வீரபாண்டியன் தலைகொண்ட' என்பது அவன் தாங்கிய விருது. அதன் பின் 969-ஆம் ஆண்டை ஒட்டி அவன் மறைகின்றான்.

எவ்வாறு மறைந்தான்? திருவாலங்காட்டுச் செப்பேடு அவன் தம்பி மகனாகிய முதலாம் இராசேந்திரனின் காலத்தில் எழுதப்பட்டது. அதனைப் பாடிய அரசவைப் புலவர், விண்ணுலகைக் காணும் விருப்பத்தால் ஆதித்தன் மண்ணுலகை நீத்தான் என்ற கருத்தில் ஒரு சுலோகத்தோடு நிறுத்திக்கொண்டார். கொலை என்ற சொல்லே அங்கில்லை. அரசகுலத்துத் துயரங்களை மங்கலச் சொல்லால் மூடுவது அக்காலப் புலவர் மரபு. ஆனால் அந்த ஒரு மௌனம் பிற்காலத்தார்க்கு ஊகங்களை விளைக்கும் நல்ல நிலமாக அமைந்துவிட்டது.

இனிக் கதைக்கு வருவோம். கல்கி அவர்கள் கொலைக்களமாகத் தேர்ந்தது சம்புவரையரின் கடம்பூர் மாளிகை. இரவு. அந்தப்புர அறையில் நந்தினியும் கரிகாலனும் எதிரெதிரே நிற்கின்றனர். யாழ்க் களஞ்சியத்தில் வந்தியத்தேவன் ஒளிந்திருக்கின்றான். மணிமேகலையும் அங்கே மறைந்திருக்கின்றாள். இரவிதாசன் கூட்டத்தார் சுரங்கவழியில் காத்துள்ளனர். காளாமுகர் வேடத்தில் பெரிய பழுவேட்டரையரும் வந்து சேர்கின்றார். விளக்கு அணைகின்றது. மீண்டும் ஒளி வரும்போது கரிகாலன் பிணமாகக் கிடக்கின்றான். அவன் அருகில் அகப்படுபவன் வந்தியத்தேவன். மாளிகையும் தீப்பற்றி எரிகின்றது. கொன்றது எந்தக் கை என்பதை ஆசிரியர் அவ்விடத்தில் காட்டவே இல்லை. அதன் பின்னரோ, பழி வந்தியத்தேவன் மேல் விழுகின்றது. அவனைக் காக்கவென்று மணிமேகலை தானே கொன்றதாகச் சொல்கின்றாள். பெரிய பழுவேட்டரையரும் பழியைத் தம் தலைமேல் ஏற்றுக்கொள்கின்றார். அன்பினால் சொல்லும் பொய் எது, மனச்சான்று உறுத்தச் சொல்லும் மெய் எது என்று படிப்போர் திகைக்குமாறு கதை செல்கின்றது.

இவ்விடத்தில் எழுந்த ஊகங்கள் பல. பழுவேட்டரையர் சொன்னது முழு உண்மை என்பார் ஒரு சாரார். அது வந்தியத்தேவனைக் காக்கச் சொன்ன பெருந்தன்மை என்பார் மற்றொரு சாரார். நந்தினியின் கையே குற்றமுடையது என்போரும், இரவிதாசன் இருளில் புகுந்து காரியத்தை முடித்தான் என்போரும் உளர். கரிகாலன் வாழ்வை வெறுத்துச் சாவைத் தேடியே கடம்பூருக்கு வந்தான், ஆகவே எவர் கத்தி பாய்ந்தாலும் கொன்றவன் அவனே என்று நுட்பமாகப் பேசுவோரும் உண்டு. இக்கடைசிக் கருத்துக்கு நெருங்கிய முறையில்தான் 2023-ஆம் ஆண்டுத் திரைப்படமும் காட்சியை அமைத்தது. திரையில் இருளை நெடுநேரம் காட்டவியலாது. நடிகர் விக்ரமின் முகத்தைக் காண வந்தவர்க்கு முகத்தைக் காட்டியாக வேண்டும். ஏட்டில் நான்கைந்து கைகளுக்கிடையே ஊசலாடிய கொலை, திரையில் இருவர்க்கிடையே நிகழும் காதல் துயரமாகச் சுருங்கிற்று. பாட்டியும் பேரனும் வேறுபட்டதற்குக் காரணம் இதுவே.

கல்கி ஏன் இருளில் விட்டார்? திறமைக் குறைவால் அன்று என்பது வெளிப்படை. குற்றவாளிகளாகக் கல்லில் பொறிக்கப்பட்ட பெயர்களை அவர் அறிந்திருந்தார். இரவிதாசன், சோமன், பரமேசுவரன் ஆகிய பெயர்களைக் கதையில் அப்படியே கையாண்டார். ஆனால் கொலை நிகழ்ந்த விதம் சரித்திரத்தில் இல்லை. சரித்திரம் அறியாத இடத்தில் தாமும் விளக்கை அணைத்துவிட்டார் என்றே நாம் கொள்கின்றோம். இதனை நாவலாசிரியர் ஒருவரின் நாணயம் என்று கூறலாம்.

அந்தக் கல் எது? கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் உள்ளது. அக்கோயிலில் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த, அதாவது ஏறத்தாழ 987-ஆம் ஆண்டைச் சேர்ந்த சாசனம் ஒன்று உண்டு. 1920-ல் படியெடுக்கப்பட்ட இதனை வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியார் பதிப்பித்து ஆராய்ந்தார். வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்னும் ஊரின் சபைக்கு மன்னன் விடுத்த ஆணை அதில் காணப்படுகின்றது. பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளானவர்கள் என்று அவ்வாணை சிலரைச் சுட்டுகின்றது. அவர்கள் சோமன், அவன் தம்பி பஞ்சவன் பிரமாதிராசன் எனப்படும் இரவிதாசன், அவனுக்கு இளையோனாகிய இருமுடிச்சோழப் பிரமாதிராசன் எனப்படும் பரமேசுவரன், உடன்பிறந்த மலையனூரான் ஆகியோர்.

ஆணை அவர்களோடு நிற்கவில்லை. அவர்தம் தம்பிமார், மக்கள், மனைவியர், பெரியப்பன்மார், பெண் கொடுத்த மாமன்மார், தாயோடு பிறந்த மாமன்மார், உடன்பிறந்த பெண்களை மணந்தோர், மகளிரை மணந்தோர் என்று உறவுமுறையை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, அனைவரின் உடைமையும் அரசாணைக்கு உட்பட்டதாகச் சொல்கின்றது. இதனை மேற்பார்வையிடக் கொட்டையூரையும் புள்ளமங்கலத்தையும் சேர்ந்த இருவரை மன்னன் நியமிக்கின்றான். அவ்வாறு வந்த நிலத்தில் ஒரு பகுதியை ஒருவர் விலை கொடுத்து வாங்கிக் கோயிலில் அறக்கட்டளையாக வைத்தார். அந்த அறத்தைப் பதிவு செய்யும் பொருட்டே இவ்வாணை கல்லில் ஏறியது. கொலையை அறிவிக்க எழுந்த கல் அன்று அது; நிலத்தின் வரலாற்றைச் சொல்லப் புகுந்து, கொலையையும் சொல்லிச் செல்கின்றது. ஒரு நிலப் பத்திரம் இல்லாதிருந்தால் இவ்விளவரசன் கொலையுண்டான் என்பதையே நாம் அறிந்திருக்க மாட்டோம்!

இக்கல் சொல்லாதவை எவை என்பதும் கருதத்தக்கது. கொலை எங்கே நிகழ்ந்தது என்று அது கூறவில்லை. கருவி வாளா, நஞ்சா என்று கூறவில்லை. காரணம் கூறவில்லை. பின்னின்று தூண்டியவர் உண்டா என்றும் கூறவில்லை. கடம்பூர், நந்தினி, பழுவூர்ச் சதி ஆகியவற்றின் நிழலும் அதில் இல்லை. நந்தினி முழுவதும் கல்கி அவர்களின் படைப்பு. அவள் பாண்டியனுக்கு மகளா, மனைவியா, காதலியா என்று எவ்வளவு வாதிட்டாலும் அது கதைக்குள் நடக்கும் வாதமே. இதை வாஷியின் இளைஞர்களுக்கு முதலில் சொல்லிவிட்டால் வழக்கில் பாதி முடிந்துவிடும். மற்றப் பாதியோ கல்லைப் படித்த அறிஞர்களிடையேயும் முடியாத பாதி.

கொலையாளிகளின் பட்டங்களைக் கவனிப்போம். பிரமாதிராசன் என்பது அரசு அலுவலில் உயர்ந்த அந்தணர்க்குச் சோழ மன்னர் வழங்கிய சிறப்புப் பெயர். பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் சொல்லாதலின், இரவிதாசன் பாண்டியனின் ஆள் என்றும், வீரபாண்டியன் தலைக்குப் பழிவாங்கவே கொலை நிகழ்ந்தது என்றும் பலர் முடிவு கட்டினர். கல்கியின் கதையும் பாண்டிய ஆபத்துதவிகளை வைத்து இவ்வழியிலேயே செல்கின்றது. பொருத்தமான ஊகம், ஆனால் பெயரளவில் இது நிலைக்காது. இராசராசனின் தேவியருள் ஒருத்தி பெயர் பஞ்சவன் மாதேவி. அவள் நினைவாக இராசேந்திரன் எடுத்த பள்ளிப்படைக் கோயில் பட்டீசுவரத்துக்கு அருகே இன்றும் நிற்கின்றது. பாண்டியனை வென்ற சோழர், பாண்டியன் பெயரையே தம் பட்டமாகச் சூடிக்கொண்டனர். தம்பி பரமேசுவரனின் இருமுடிச்சோழன் என்னும் பட்டமோ ஐயமின்றிச் சோழருடையது. ஆகவே இவர்கள் சோழ அரசின் உப்பைத் தின்ற அதிகாரிகள் என்பதே கல்லிலிருந்து உறுதியாகப் பெறப்படுவது. துரோகிகள் என்ற சொல்லும் அதற்கே இசைகின்றது. பகைவனை எவரும் துரோகி என்பதில்லை. நம்பியிருந்தவன் கெடுத்தால்தான் அச்சொல் பிறக்கும்.

அடுத்து, உத்தம சோழன் மீது சாட்டப்படும் குற்றம். இவன் கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் மகன். சுந்தர சோழனுக்குத் தம்பி முறையினன். ஆதித்தன் மறைவுக்குப் பின் அரியணை இவனுக்கே கிட்டியது. 985 வரை ஆண்டான். கொலையால் பயன் பெற்றவன் இவனாதலாலும், குற்றவாளிகளின் உடைமை பற்றிய ஆணை இராசராசன் காலத்திலேயே காணப்படுவதாலும், சதியில் உத்தமனுக்குப் பங்கிருந்திருக்கும் என்று நீலகண்ட சாஸ்திரியார் கருதினார். பயனடைந்தவனைத் தேடு என்பது துப்பறிவோரின் பழைய விதி. ஆயினும் சதாசிவ பண்டாரத்தார் இதனை ஒப்பவில்லை. அண்ணனைக் கொல்வித்தவன் என்று தெரிந்திருந்தால் அருள்மொழி அவனுக்கு அரியணையை விட்டுக்கொடுத்திருப்பானா, குடிகள்தாம் பொறுத்திருப்பரா என்று வினவினார். உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் இராசராசன் ஆட்சியில் கோயில் கண்காணிப்புப் பணியில் மதிப்போடு அமர்ந்திருந்தான். உத்தமனின் தாய் செம்பியன் மாதேவியார் இராசராசன் காலத்தும் பெருமையோடு வாழ்ந்து திருப்பணிகள் செய்தார். கொலையாளிகளுக்குப் பெண் கொடுத்த மாமனின் நிலத்தைக்கூட விடாத மன்னன், கொலையைத் தூண்டியவனின் மகனை அருகில் வைத்துக்கொண்டான் என்பது நம்பத்தக்கதாயில்லை. நமக்குப் பண்டாரத்தாரின் வாதமே வலுவுடையதாகத் தோன்றுகின்றது.

காலத்தாழ்வைப் பற்றியும் ஒரு சொல். கல்லில் காணும் ஆண்டு, நில விற்பனையோடு தொடர்புடைய ஆண்டேயன்றி விசாரணை தொடங்கிய ஆண்டாக இருக்க வேண்டுவதில்லை. தண்டனை முன்னரே நிகழ்ந்திருக்க, உறவினர் நிலங்களைப் பற்றிய நடவடிக்கை பின்னர் வந்திருக்கலாம் என்று எடுத்துக்காட்டிய ஆய்வாளரும் உளர். பதினாறு பதினேழு ஆண்டு வழக்கை எவரும் கவனிக்கவில்லை என்று முடிவு கட்டி, அதன்மேல் மாளிகை எழுப்புவது முறையாகாது. மேலும், கதையில் கல்கி இச்சிக்கலை எவ்வாறு அவிழ்த்தார் என்பது சுவையானது. பேராசை கொண்ட மதுராந்தகன் ஒருவன், சிவபக்தியில் திளைத்த சேந்தன் அமுதன் ஒருவன் என்று இருவரைப் படைத்து, அமுதனையே உத்தம சோழனாக அரியணை ஏற்றினார். செம்பியன் மாதேவியின் மகனைக் கொலைக்குற்றத்திலிருந்து மீட்க அவர் கண்ட வழி அது. ஒரு வகையில் அதுவும் ஓர் ஊகமே.

இனி, வாஷி இளைஞர்கள் சிலர் பெரிதும் விரும்பும் ஊகத்துக்கு வருவோம். கொலையைச் செய்வித்தவர்கள் குந்தவையும் அருள்மொழியும் என்பதே அது. எதிர்பாராதவரைக் குற்றவாளியாக்குவதில் ஒரு கிளர்ச்சி உண்டு. துப்பறியும் கதைகள் நம்மை அவ்வாறு பழக்கியுள்ளன. இதற்குச் சான்றாகச் சொல்லப்படுவது யாதெனில், கொலையாளிகளுக்கு மரண தண்டனை விதித்ததாகக் கல்லில் இல்லை, ஆகவே இராசராசன் அவர்களைக் காத்தான் என்பது. அந்தணர்க்கு மரண தண்டனை கூடாதென்பது அக்கால ஸ்மிருதி நூல்களின் விதி என்பதை இவ்வாதம் செய்வோர் நோக்குவதில்லை. மேலும், அண்ணன் இறந்தவுடன் குடிகள் வேண்டியும் அருள்மொழி முடி புனையவில்லை. சிற்றப்பன் நாட்டை ஆள விரும்பும்வரை தான் மனத்தாலும் அதனை நாடுவதில்லை என்றிருந்தான் என்பது திருவாலங்காட்டுச் செப்பேட்டின் கூற்று. அரசுக்காக அண்ணனைக் கொன்றவன், பின்னர்ப் பதினைந்து ஆண்டு அவ்வரசை வேறொருவனுக்கு விட்டிருந்தான் என்பது பொருந்துமா? செப்பேடு அரசவை எழுத்து, அது தன் மன்னனைப் புகழத்தான் செய்யும் என்று மறுப்பாரும் இருக்கலாம். ஏற்றுக்கொள்கின்றோம். ஆனால் ஆண்டுக் கணக்கு எவரும் புகழ்ந்து எழுதியதன்று. 985-க்கு முன் அருள்மொழி அரியணையில் இல்லை.

கொலையைத் தூண்டியதாகக் கதையில் பழி சுமந்த மற்றவர்களுக்கும் கல் விடை சொல்கின்றது. கொலைக்குற்றம் சாட்டப்பட்டுக் கதையில் சிறையில் வாடும் வல்லவரையன் வந்தியத்தேவன், சரித்திரத்தில் குந்தவையின் கணவன். தஞ்சைக் கோயில் கல்வெட்டே அதனைச் சொல்கின்றது. அவனைப் பற்றி அதற்கு மேல் அறியப்படுவது சிறிதே. அச்சிறு துரும்பிலிருந்துதான் கல்கி தம் கதாநாயகனைப் படைத்தார்.

வேறொரு தீங்கும் இதில் உண்டு. கொலையாளிகள் அந்தணர் என்பதைக் கொண்டு, இக்காலத்துச் சாதிப் பூசல்களுக்கு இக்கல்வெட்டைப் படைக்கலமாக ஏந்துவோர் இருக்கின்றனர். அவர்களை மறுப்பதற்காகக் கல்லையே பொய் என்பாரும் இருக்கின்றனர். கல்லில் இருப்பன சில மனிதரின் பெயர்கள். அம்மனிதரின் நிலத்தை மேற்பார்வையிட நியமிக்கப்பட்ட இருவருள் ஒருவர் புள்ளமங்கலத்துப் பட்டர். ஆணையைப் பெற்று நிறைவேற்றியதும் அந்தணர் ஊரின் சபையே. உறவினர் அனைவரின் உடைமையையும் பறித்த பத்தாம் நூற்றாண்டின் நீதி இன்றைய நமக்கு உவப்பாயில்லை. குற்றம் செய்யாத மாமனும் மருமகனும் ஏன் இழக்க வேண்டும் என்று கேட்கின்றோம். ஆயிரம் ஆண்டு கழித்து ஒரு குலத்தையே குற்றக் கூண்டில் ஏற்றுவோர் அந்த நீதியையும் விஞ்சிவிடுகின்றனர்.

அப்படியாயின் வீட்டில் நடக்கும் வழக்கை நிறுத்திவிட வேண்டுமா? வேண்டுவதில்லை. பாட்டியும் பேரனும் ஒரு தமிழ்க் கதையைப் பற்றி இரவு பதினொரு மணிவரை வாதிடுவது, பிறமாநிலத்தில் வாழும் நமக்குக் கிடைத்தற்கரிய பேறு. அந்த வாதத்தின் பொருட்டுத் தமிழெழுத்துக் கற்கத் தொடங்கிய பிள்ளைகளும் உண்டு என்று கேட்டு மகிழ்கின்றோம். வாதிடும்போது ஒரு சிறு ஒழுங்கு மட்டும் போதுமானது. எவரேனும் ஒரு பெயரைக் குற்றவாளி என்று சொன்னவுடன், இது படத்தில் கண்டதா, ஏட்டில் படித்ததா, கல்லில் உள்ளதா என்று வினவிக்கொள்ளலாம். படத்தையும் ஏட்டையும் பற்றி விருப்பம்போல் பேசலாம். நந்தினியை எத்தனை முறை தூக்கிலிட்டாலும் அடுத்த பதிப்பில் அவள் எழுந்து வந்துவிடுவாள். கல்லைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரலைச் சிறிது தாழ்த்திக்கொள்வது நன்று.

விடுமுறைக்கு ஊர் செல்வோர் இக்கல்லைக் கண்ணாரக் காணவும் இயலும். சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர், பேருந்துகள் உண்டு. எழுத்துகள் பழந்தமிழும் கிரந்தமும் கலந்தவை. இன்றைய எழுத்தை மட்டும் அறிந்தோர் படித்துவிட முடியாது. பதிப்பித்த பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, துரோகி என்ற சொல் வரும் இடத்தையேனும் பிள்ளைகளுக்குத் தேடிக் காட்டலாம். கோயிலை விட்டுச் சற்றுத் தொலைவு சென்றால் வீரநாராயண ஏரி. இன்று சென்னை நகர்க்குக் குடிநீர் தரும் வீராணம் ஏரி அதுவே. அதன் கரையில்தான், ஓர் ஆடிப் பதினெட்டாம் நாள் மாலையில், வந்தியத்தேவன் குதிரைமேல் வருவதாகக் கதை தொடங்குகின்றது.